ரத்தக்குழாய்க்குள் ரோபோ, வழிகாட்ட ஒரு படம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் அறைக்குக் கேத் லேப் என்று பெயர். அங்கே எக்ஸ்ரே இயந்திரத்தை இயக்குவது என் வேலை. எங்கள் லேபில் ரோபோ கிடையாது. ஆனால் பழைய சி.டி. படத்தை நேரலை எக்ஸ்ரேயின் மேல் பொருத்திக் காட்டும் மென்பொருள் உண்டு, அதோடு தினமும் மல்லுக்கட்டுகிறேன். செல்போனில் ரோபோ ஆபரேஷன் வீடியோ பார்த்துவிட்டு வருகிறவர்கள், வராந்தாவில் காத்திருக்கும் சொந்தக்காரர்கள், பயிற்சிக்கு வரும் நர்சிங் மாணவிகள் என்று எல்லோரும் சுற்றிச் சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இங்கே வைத்திருக்கிறேன். உங்கள் உடம்பு பற்றிய முடிவுகளை உங்கள் டாக்டரிடம்தான் பேச வேண்டும்.

ரோபோன்னா அதுவே ஆபரேஷன் பண்ணிடுமா? டாக்டர் எங்க இருப்பார்?

பண்ணாது. நோயாளி படுத்திருக்கும் மேசையின் ஓரத்தில் ஓர் இயந்திரக் கை பொருத்தியிருப்பார்கள். அதன் நுனியில் கிருமி நீக்கிய கேசட் ஒன்று இருக்கும். கேசட்டுக்குள் இருக்கும் சின்னச் சின்ன உருளைகள்தான் கம்பியையும் குழாயையும் பிடித்து முன்னே தள்ளும், பின்னே இழுக்கும், திருகும். டாக்டர் சில மீட்டர் தள்ளி ஈயத் தடுப்புக்குப் பின்னாலோ, பக்கத்து அறையிலோ உட்கார்ந்து, திரையைப் பார்த்தபடி ஜாய்ஸ்டிக்கை அசைப்பார். அவர் கையை எடுத்தால் ரோபோ நின்றுவிடும்.

அதற்காக மேசைப் பக்கத்தில் யாருமே இருக்க மாட்டார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். தொடையிலோ மணிக்கட்டிலோ ஊசி குத்தி வழி திறப்பது, கேசட்டில் கம்பியை மாட்டுவது, அடைப்பை விரிக்கும் பலூனை மாற்றுவது எல்லாம் இன்னும் மனிதர்கள் கையால்தான் நடக்கிறது.

ஒரு ஊசி ஓட்டை வழியா இதயம் வரைக்கும் எப்படிப் போறாங்க?

1953-இல் ஸ்வீடன் டாக்டர் செல்டிங்கர் சொன்ன முறைதான் இன்றைக்கும். உள்ளே துளையுள்ள ஊசியைத் தமனியில் குத்துவார்கள், அதற்குள் மெல்லிய கம்பியை விடுவார்கள், ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேலேயே குழாயைச் செலுத்துவார்கள். பெரிய தமனிகளில் ஓடும் கம்பி 0.035 இன்ச், அதாவது கிட்டத்தட்ட 0.9 மில்லிமீட்டர் தடிமன். இதயத்திலும் மூளையிலும் 0.014 இன்ச், அதாவது 0.36 மில்லிமீட்டர்தான். குழாயின் அளவை ‘பிரெஞ்ச்’ கணக்கில் சொல்வோம். 3 பிரெஞ்ச் என்றால் 1 மில்லிமீட்டர். மணிக்கட்டு வழியாக இதயத்துக்குப் போகும் வழக்கமான 6 பிரெஞ்ச் குழாய் 2 மில்லிமீட்டர்.

இதற்கெல்லாம் முன்னோடி, 1929-இல் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே ஊரில் இருந்த வெர்னர் ஃபோர்ஸ்மன். தன் கையில் உள்ள சிரை (ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) வழியாகத் தானே 65 சென்டிமீட்டர் குழாயைச் செருகிக்கொண்டு, அப்படியே நடந்து எக்ஸ்ரே அறைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டார். குழாய் இதயத்தில் இருக்கிறது என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி. முதல் நாளிலேயே குழாயும் படமும் சேர்ந்துதான் வந்தன. 1956-இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. 1964-இல் சார்லஸ் டாட்டர் கால் தமனி அடைப்பைக் குழாயாலேயே திறந்தார். 1977-இல் சூரிச்சில் குருன்ட்சிக் பலூனை இதயத் தமனிக்குக் கொண்டுபோனார். அவரிடம் பயின்ற மாத்யூ சாமுவேல் களரிக்கல் 1986-இல் இந்தியாவில் அதைத் தொடங்கிவைத்தார்.

கர்ப்பப்பை, ப்ராஸ்டேட்டுக்கு எல்லாம் ரோபோ வச்சிருக்காங்களே, அதே ரோபோவா இது?

அது வேறு. நீங்கள் சொல்வது டாவின்சி வகை. வயிற்றில் சில துளைகள் போட்டு, கேமராவையும் கத்தரி, இடுக்கி போன்ற கருவிகளையும் உள்ளே விடுவது. அங்கே டாக்டர் உறுப்பை நேரடியாகக் கண்ணால் பார்க்கிறார். அந்த வகையிலும் ரத்தக்குழாய் ஆபரேஷன் நடக்கிறது. பெருந்தமனி அடைப்புக்கு ரோபோ உதவியுடன் பைபாஸ் தைப்பதில் செக் நாட்டின் பிராக் நகரில் பீட்டர் ஸ்டாட்லர் நிறைய அனுபவம் உள்ளவர்.

இந்தப் பக்கத்தில் பேசுவது ரத்தக்குழாய்க்குள்ளேயே நுழைந்து வேலை செய்யும் ரோபோவைப் பற்றி. வெளியிலிருந்து தைக்கும் ரோபோவுக்குக் கண் இருக்கிறது, இதற்குக் கிடையாது. கீழே வரும் பாதிக் கேள்விகள் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து கிளம்புபவைதான்.

அப்போ உள்ள கேமரா இல்லையா? டாக்டருக்கு எப்படித் தெரியுது?

ரத்தத்துக்குள் சாதாரண கேமராவை வைத்தால் சிவப்பைத் தவிர எதுவும் தெரியாது. அதனால் எக்ஸ்ரேதான் கண். நோயாளியைச் சுற்றி வளைந்து நிற்கும் சி-ஆர்ம் இயந்திரம் விநாடிக்கு 7 அல்லது 15 படம் என்று விட்டுவிட்டு எடுக்கும். திரையில் எலும்பும் கம்பியும் தெரியும், ரத்தக்குழாய் தெரியாது. ரத்தக்குழாய் தெரிய அயோடின் கலந்த சாயத்தை உள்ளே அனுப்ப வேண்டும். ரத்தம் அதை அடித்துக்கொண்டு போய்விடுவதால் சில விநாடிகள்தான் மரம் போல் கிளைவிட்டுத் தெரிந்து மறையும்.

சாயம் விடுவதற்கு முன் எடுத்த படத்தை, சாயம் விட்ட பின் எடுத்த படத்திலிருந்து கணினி கழித்துவிட்டால் எலும்பு மறைந்து குழாய் மட்டும் நிற்கும். இதைத்தான் டி.எஸ்.ஏ. என்கிறோம். அந்தப் படத்தை அப்படியே நிறுத்தி, அதன் மேல் கம்பியின் நகர்வைக் காட்டுவது ‘ரோடுமேப்’. “மூச்சைப் பிடிங்க, அசையாதீங்க” என்று நாங்கள் கத்துவதும் இதற்காகத்தான். இரண்டு படங்களுக்கும் நடுவில் நோயாளி லேசாக இருமினாலும் கழித்தல் சரியாக வராமல், எலும்பின் நிழல் இரட்டையாகத் தெரியும்.

ஏற்கெனவே ஆயிரக்கணக்குல செலவு பண்ணி சி.டி. எடுத்தாச்சே, அதை வச்சுப் பண்ணக் கூடாதா?

வைத்துத்தான் செய்கிறார்கள். ‘படம் காட்டும் வழி’ என்று இந்தத் துறையில் சொல்வதே அதைத்தான். ஆபரேஷனுக்கு முன் எடுத்த சி.டி. முப்பரிமாணமானது, விவரம் நிறைந்தது, ஆனால் பழசு. நேரலை எக்ஸ்ரே இந்த நொடியைக் காட்டும், ஆனால் தட்டையான நிழல். இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று பொருத்தினால், சாயம் விடாமலே குழாயின் வடிவம் திரையில் நிற்கும், அதற்குள் கம்பி நகரும். இதை ஃபியூஷன் என்பார்கள்.

செய்வது எப்படி என்றால், நோயாளி மேசையில் படுத்த பிறகு இரண்டு வேறு கோணங்களில் எக்ஸ்ரே எடுப்போம். சி.டி.யில் உள்ள முதுகெலும்பையும் இடுப்பெலும்பையும் மவுஸால் நகர்த்தி, திருப்பி, திரையில் உள்ள எலும்போடு ஒன்றச் செய்வோம். இரண்டு கோணத்திலும் ஒன்றினால்தான் கணக்கு. வயதானவர்களின் தமனிச் சுவரில் சுண்ணாம்புப் பொட்டுகள் இருக்கும். நோய் என்ற வகையில் கெட்டது, எங்களுக்கு மட்டும் நல்ல அடையாளம். வயிற்றுப் பெருந்தமனி வீங்கியவருக்கு உள்ளே ஸ்டென்ட் கிராஃப்ட் (துணி போர்த்திய கம்பிவலைக் குழாய்) வைக்கும்போது, சிறுநீரகத் தமனிகளின் வாய்களைச் சுற்றி வண்ண வளையங்கள் வரைந்துவிடுவோம். கிராஃப்டின் துணி அந்த வளையத்தை மூடிவிட்டால் அந்தச் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகாது. கடைசியாக இம்மியளவு சாயம் விட்டு, வளையம் நிஜமான வாயின் மேல்தான் நிற்கிறதா என்று சரிபார்ப்போம். இந்தக் கடைசிப் படியை நேரமில்லை என்று தாண்டுவது எனக்கு ஒப்பாது.

அந்த மேப் எவ்வளவு கரெக்டா இருக்கும்?

பொருத்தி முடித்த நொடியில் நன்றாகவே இருக்கும். அதற்கப்புறம்தான் தகராறு. பாவாடைக்கு நாடா கோர்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்: ஊக்கை உள்ளே தள்ளத் தள்ள, நாடா போகும் மடிப்புத் துணியே சுருங்கியும் நீண்டும் இடம் மாறிக்கொள்ளும். ரத்தக்குழாயும் அப்படித்தான். வளைந்து நெளிந்த இடுப்புத் தமனிக்குள் விறைப்பான கம்பி போனதும் தமனி நிமிர்ந்துகொள்ளும். அதோடு சிறுநீரகத் தமனியின் வாயும் சில மில்லிமீட்டர் நகரும். சி.டி. எடுத்தபோது உள்ளே கம்பி இல்லையே, அதனால் அந்த மேப்புக்கு இது தெரியாது.

கிராஃப்ட் ஒட்டிப் பிடிக்க, வீக்கத்துக்கு மேலே இருக்கும் நல்ல தமனியின் நீளமே பல பேருக்கு 10–15 மில்லிமீட்டர்தான். அதில் 3 மில்லிமீட்டர் பிசகு என்பது சின்ன விஷயமில்லை. மூச்சு இன்னொரு தொல்லை. மூச்சை இழுத்து விடும்போது சிறுநீரகங்கள் மேலும் கீழும் போய்வரும், அவற்றின் தமனிகளும் சேர்ந்து ஆடும். இதயத் தமனிகளோ ஒவ்வொரு துடிப்புக்கும் ஆடும். முதுகெலும்பை வைத்துப் பொருத்திய மேப் முதுகெலும்பு போலவே அசையாமல் நிற்கும். நோயாளி இடுப்பைக் கொஞ்சம் தூக்கினாலும் முழுப் பொருத்தமும் போச்சு, மறுபடி முதலிலிருந்து.

மேப் தப்பாக் காட்டினா ரோபோ குத்திடாதா?

நல்ல கேள்வி. ரோபோ மேப்பைப் பார்ப்பதில்லை, டாக்டர்தான் பார்க்கிறார். முதல் பதிலில் சொன்னபடி, ஜாய்ஸ்டிக் அசையாமல் ரோபோ அசையாது. அதனால் மேப் பிசகினால் ரோபோ தானாகப் போய்க் குத்தாது. ஆனால் டாக்டர் மேப்பை அப்படியே நம்பி ஜாய்ஸ்டிக்கைத் தள்ளினால், ரோபோ துல்லியமாகத் தவறான இடத்துக்குப் போகும். கை நடுங்காதது, ஒரு மில்லிமீட்டர் கணக்கில் நகரக்கூடியது என்று விளம்பரத்தில் சொல்வதெல்லாம் உண்மைதான். படம் 4 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும்போது அந்த ஒரு மில்லிமீட்டர் துல்லியத்தால் பயன் ஒன்றும் இல்லை.

அதனால்தான் ரோபோவை விட அதற்குக் கிடைக்கும் படத்தைப் பற்றி அதிகம் கேளுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். அனுபவமுள்ள டாக்டர்கள் கம்பி வளையும் விதத்தை வைத்தே மேப் பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். திரையில் கம்பி குழாயின் கோட்டுக்கு வெளியே ஓடுவது போல் தெரியும். கம்பி வெளியே போகவில்லை, கோடுதான் இடம் மாறியிருக்கிறது. உடனே நிறுத்தி, கொஞ்சம் சாயம் விட்டு, மறுபடி பொருத்தச் சொல்வார்கள்.

கையால பண்ணும்போது டாக்டருக்கு ஒரு ‘ஃபீல்’ இருக்கும்ல, ரோபோவுல அது இருக்கா?

பெரும்பாலும் இல்லை, இது உண்மையான குறை. விரல் நுனியில் கம்பியைப் பிடித்துத் திருகும்போது எங்கோ இடிக்கிறது, வழுக்குகிறது, இறுகுகிறது என்று டாக்டருக்குத் தெரியும். இதயத் தமனிகளுக்குப் பயன்பட்ட கோர்பாத் ரோபோவின் ஜாய்ஸ்டிக்கில் அந்த உணர்வு திரும்பி வராது. அதை ஈடுகட்டுவதும் படம்தான். நுனி நகராமல் நடுவில் கம்பி வில்லாக வளைகிறதா என்று திரையில் கவனிக்க வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்று உண்டு. தொடைப் பக்கம் தள்ளினாலும் நுனி சில சமயம் நகராது. தள்ளிய நீளமெல்லாம் வழியில் வளைவுகளாகச் சேர்ந்து நிற்கும். பிறகு திடீரென்று ஒரே தாவாகத் தாவும். கையில் பிடித்திருப்பவர் அந்த இறுக்கத்தை உணர்ந்து தளர்த்துவார். ரோபோவில் அதைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும். உணர்வைத் திருப்பித் தரும் புதிய ரோபோக்களைப் பல குழுக்கள் செய்துவருகின்றன.

எக்ஸ்ரே இல்லாம வழி கண்டுபிடிக்க முடியாதா?

சில வழிகள் வந்திருக்கின்றன. எனக்குப் பிடித்தது பிலிப்ஸ் நிறுவனத்தின் ஒளியிழை முறை. முடி தடிமனில் ஒளியிழைகளைக் கம்பிக்குள் வைத்து லேசர் ஒளியை அனுப்புகிறார்கள். கம்பி எங்கெங்கே வளைகிறதோ அதற்கேற்ப ஒளி மாறித் திரும்பி வரும். அதைக் கணக்கிட்டுக் கம்பியின் முழு வடிவத்தையும் முப்பரிமாணத்தில், வண்ணத்தில், எந்தக் கோணத்திலிருந்தும் காட்டும். எக்ஸ்ரே தேவையில்லை. நெதர்லாந்தின் உட்ரெக்ட் மருத்துவமனை இதை முதலில் நோயாளிகளிடம் பயன்படுத்திய இடங்களில் ஒன்று. 2023-இல் இதன் அடுத்த வடிவம் லூமிகைடு என்ற பெயரில் வந்தது. ஆனால் கம்பி தெரிந்தால் போதாது, குழாயும் தெரிய வேண்டுமே. அதற்கு மேலே சொன்ன அதே ஃபியூஷன் மேப்தான், அதே பிசகுகளோடு.

இன்னொன்று மின்காந்தம். நுனியில் நுண்சுருள் வைத்து, வெளியே பலவீனமான காந்தப்புலம் உண்டாக்கி இடத்தைக் கண்டுபிடிப்பது. பக்கத்தில் இரும்பு வந்தால் கணக்கு தப்பும், கேத் லேபிலோ எங்கு பார்த்தாலும் இரும்புதான். குழாய்க்குள்ளிருந்தே பார்க்கும் அல்ட்ராசவுண்டும், ஓ.சி.டி. என்ற ஒளிமுறையும் உண்டு. ஓ.சி.டி. 10–20 மைக்ரான் அளவுக்கு நுணுக்கமாகக் காட்டும். ஸ்டென்ட் சுவரில் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க அதை மிஞ்ச ஆள் இல்லை. ஆனால் அவை காட்டுவது நிற்கும் இடத்தை மட்டும், முன்னே இருக்கும் வழியை அல்ல.

காந்தத்தால இழுக்கிற ரோபோன்னு படிச்சேன், அது என்ன?

ஸ்டீரியோடாக்சிஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தின் முறை. நோயாளியின் இரு பக்கமும் பெரிய காந்தங்கள் நிற்கும், குழாயின் நுனியில் குட்டிக் காந்தம் இருக்கும். வெளிக் காந்தத்தைத் திருப்பினால் உள்ளே நுனி திரும்பும். தள்ளுவதற்கு விறைப்பு தேவையில்லாததால் குழாயை மிருதுவாகச் செய்ய முடிகிறது. பெரும்பாலும் இதயத் துடிப்புக் கோளாறுகளுக்குப் பயன்படுகிறது. பேஸ்மேக்கர் இருப்பவர்கள் கட்டாயம் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

உண்மையைச் சொல்லுங்க, ரோபோவால லாபம் எங்களுக்கா, டாக்டருக்கா?

இப்போதைக்கு டாக்டருக்குத்தான் தெளிவான லாபம். கோர்பாத் ரோபோவைச் சோதித்த ‘பிரிசைஸ்’ ஆய்வு 2013-இல் வெளியானது. 164 நோயாளிகள். டாக்டர் மீது பட்ட கதிர்வீச்சு, மேசையருகே பட்டதைவிட 95 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. சிகிச்சை வெற்றி 97.6 சதவீதம். ஆனால் அதில் கையால் செய்த நோயாளிகளை ஒப்பீட்டுக்கு வைக்கவில்லை. ஆகவே ‘ரோபோ செய்ய முடியும்’ என்பதற்குச் சான்று உண்டு. ‘கையைவிட நோயாளிக்கு நல்லது’ என்பதற்கு அந்த ஆய்வு சான்றாகாது.

டாக்டருக்குக் கிடைக்கும் லாபத்தை அற்பம் என்று நினைக்காதீர்கள். 5 முதல் 7 கிலோ ஈய அங்கியை மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் குனிந்து நிற்பதால் முதுகும் கழுத்தும் தேய்ந்துபோகிறவர்கள் நிறைய. கண்ணில் புரை சீக்கிரம் வருகிறது. இருபது வருஷம் அனுபவமுள்ள கைகள் முதுகுவலியால் லேபை விட்டுப் போவது நோயாளிக்கும் நஷ்டம்தான். ஒரு முணுமுணுப்பு மட்டும் சொல்லிவிடுகிறேன்: டாக்டர் தள்ளிப் போனாலும் கேசட்டை மாட்டுகிறவரும் நர்சும் மேசைப் பக்கத்தில்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றும் எங்கள் கதிர்வீச்சு பேட்ஜில் ரோபோவால் அதே அளவு குறைந்துவிடப் போவதில்லை.

கதிர்வீச்சு, அந்த டை, ரெண்டும் கிட்னிக்கும் உடம்புக்கும் கெடுதல்னு சொல்றாங்களே?

இரண்டையும் பிரித்துப் பாருங்கள். சிறுநீரகத்துக்குச் சிக்கல் சாயத்தால், கதிர்வீச்சால் அல்ல. ஏற்கெனவே கிரியேட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்த அளவு) ஏறியவர்கள், நீண்ட நாள் சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்குத்தான் அதிகக் கவலை. அவர்களுக்கு முன்பும் பின்பும் திரவம் கொடுப்பார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் சொல்லிவிட வேண்டும், சிலருக்கு நிறுத்தி வைப்பார்கள். இடுப்பு, கால் தமனிகளுக்குச் சாயத்துக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு வாயுவையே விட்டுப் படம் எடுக்கும் வழியும் உண்டு. மூளைக்குப் போகக்கூடிய தமனிகளில் அதைச் செய்யவே கூடாது.

ஃபியூஷனின் பெரிய உபயோகம் இங்கேதான். குழாய் எங்கே என்று தேட ஒவ்வொரு தடவையும் சாயம் விட வேண்டியதில்லை. நோயாளிக்குப் படும் கதிர் குறைவதும் ரோபோவால் இல்லை. விநாடிக்கு எத்தனை படம், எவ்வளவு அகலத்துக்குத் திறந்திருக்கிறோம், பெடலை எத்தனை நேரம் மிதிக்கிறோம் என்பவற்றைப் பொறுத்தது அது.

நடுவுல கரண்ட் போனா, மெஷின் ஸ்டக் ஆனா என்ன ஆகும்?

கேத் லேபுக்கு யு.பி.எஸ்.சும் ஜெனரேட்டரும் இருக்கும். ரோபோ நின்றால் அப்படியே நிற்கும், தானாக எங்கும் ஓடாது. கேசட்டைத் திறந்து கம்பியை வெளியே எடுத்துக் கையால் தொடரலாம். கம்பி அதே இடத்தில் இருக்கும், வழி கெடாது. ரோபோவில் தொடங்கிச் சிக்கலான இடம் வந்ததும் கைக்கு மாறுவது சாதாரணமாக நடப்பதுதான், அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். எக்ஸ்ரே நின்றால்தான் நிஜமான நெருக்கடி.

வெளியூர்ல இருந்தே டாக்டர் பண்ணலாமாமே? அப்போ எங்க ஊர் ஆஸ்பத்திரிக்கும் வருமா?

பண்ணியிருக்கிறார்கள், அதுவும் இந்தியாவில். 2018 டிசம்பரில் டாக்டர் தேஜஸ் படேல் காந்திநகர் அக்ஷர்தாம் கோயில் வளாகத்தில் உட்கார்ந்துகொண்டு, சுமார் 32 கிலோமீட்டர் தள்ளி அகமதாபாத் அபெக்ஸ் இதய மருத்துவமனையில் படுத்திருந்த 5 நோயாளிகளுக்கு ஸ்டென்ட் வைத்தார். லேப் வாசலுக்கு வெளியிலிருந்தே நோயாளிகளுக்கு ரோபோவால் ஸ்டென்ட் வைத்தது அதுதான் முதல் முறை. நோயாளியின் பக்கத்தில் ஒரு டாக்டர் குழு இருந்தது என்பதைச் செய்திகளில் சிறிய எழுத்தில்தான் போட்டார்கள். ஊசி குத்தி வழி திறக்க ஆள் வேண்டுமே.

தாமதம் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு: அமெரிக்காவில் ரயன் மேடர் குழு செய்த சோதனைகளில், கால் விநாடி தாமதம் டாக்டர்களுக்கு உறுத்தவில்லை, 0.4 விநாடியில் உறுத்தியது. நல்ல இணைப்பில் இதை எட்டலாம். எங்கள் ஊருக்கு வருமா என்றால், கேபிள் ஒரு தடையே இல்லை. அங்கே ஆஞ்சியோ இயந்திரம், அதை இயக்க ஆள், ராத்திரி இரண்டு மணிக்கு ஊசி குத்தத் தெரிந்த டாக்டர், ரத்த வங்கி எல்லாம் வேண்டும். இவை இருக்கும் ஊரில் ரோபோ இல்லாமலே பாதி வேலை நடந்துவிடும். பக்கவாதத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும், அடுத்த பதிலில் சொல்கிறேன்.

மூளை ரத்தக்குழாய்லயும் ரோபோ போகுமா?

2019 நவம்பரில் டொரொன்டோ வெஸ்டர்ன் மருத்துவமனையில் டாக்டர் விட்டோர் மென்டெஸ் பெரேரா, மூளைத் தமனி வீக்கம் ஒன்றுக்கு ரோபோவால் ஸ்டென்டும், வீக்கத்தை நிரப்பும் கம்பிச் சுருளும் வைத்தார், உலகில் முதல் முறையாக. மூளையில் கஷ்டம் என்னவென்றால், தமனிச் சுவர் மெல்லியது, சுற்றிலும் தாங்கிப் பிடிக்கத் தசை கிடையாது, மண்டைக்குள் நுழையும் இடத்திலேயே எஸ் வடிவத்தில் மடிந்து போகும். மேலே ‘திடீர்த் தாவல்’ என்று சொன்னேனே, அது இங்கே நடந்தால் ரத்தக்கசிவு. ஒரு வசதியும் உண்டு: தலை மூச்சோடு ஆடாது, எலும்புக்குள் இறுக்கமாக இருக்கிறது. ஃபியூஷன் மேப் வயிற்றைவிடத் தலையில் நன்றாக நிற்கும்.

பெரிய தமனி அடைத்த பக்கவாதத்தில் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று ஒரு கணக்கு உண்டு. அடைத்திருக்கும் ரத்தக்கட்டியைக் குழாயால் எடுக்கத் தெரிந்த நிபுணர்கள் பெரிய நகரங்களில்தான். நோயாளியை ஆம்புலன்ஸில் மூன்று மணி நேரம் கொண்டுபோவதைவிட, நிபுணரின் கையை மட்டும் கேபிளில் கொண்டுவருவது நல்லது என்ற வாதம் இங்கே எடுபடுகிறது. தொலைதூர ரோபோவுக்கு நியாயமான இடம் ஒன்று உண்டென்றால் இதுதான் என்பது என் கருத்து.

ஏ.ஐ. வந்தா டாக்டரே வேண்டாம்னு சொல்றாங்களே?

2019-இல் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் பியர் டுபான்ட் குழு, உயிருள்ள பன்றிகளின் இதயத்துக்குள் குழாயைத் தானாகவே வழி கண்டுபிடித்துப் போகவைத்தது. நுனியில் குட்டி கேமராவும் விளக்கும். ரத்தத்தில் கேமரா வேலைக்காகாது என்றேன் அல்லவா? அவர்கள் அதை இதயச் சுவரில் ஒட்டவைத்து, தொட்டுக்கொண்டிருப்பது சுவரா, வால்வா, ரத்தமா என்று மட்டும் பிரித்தறியக் கற்றுக்கொடுத்தார்கள். சுவரைத் தடவிக்கொண்டே போய்க் கசியும் வால்வின் ஓரத்தை அடைந்தது. மேப்பை நம்பாமல் தொட்டுத் தெரிந்துகொண்டு போனதுதான் இதில் அழகு. கசிவை அடைக்கும் கடைசி வேலையை டாக்டரே செய்தார்.

நோயாளிகளிடம் பயன்படுவது இதைவிட மிகக் கீழ்ப் படி. கம்பியைப் பின்னே இழுக்கும்போது தானே கொஞ்சம் திருப்பி, அடுத்த தள்ளலில் வேறு கிளையில் நுழைய வைப்பது போன்ற சின்ன அசைவுகள். சி.டி.யில் குழாய்களை வரைந்து கொடுப்பது, திரையில் கம்பி நுனியைத் தொடர்வது போன்ற பட வேலைகளில்தான் ஏ.ஐ. இப்போது நிஜமாக உதவுகிறது. முன்பு சுட்டிச் சுட்டி நான் வரைந்த வளையங்களை இப்போது அது வரைகிறது, நான் திருத்துகிறேன்.

இவ்வளவு நல்லதுன்னா ஏன் எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்ல?

வியாபாரம் அவ்வளவு எளிதாக ஓடவில்லை. ஹான்சன் நிறுவனத்தின் மெகலன் ரோபோ 2012-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. 2016-இல் நிறுவனமே கைமாறி, ரோபோவும் மறைந்தது. கோர்பாத்தைச் செய்த கொரிண்டஸை 2019-இல் சீமென்ஸ் ஹெல்த்தினியர்ஸ் சுமார் 110 கோடி டாலருக்கு வாங்கியது. 2023-இல் இதய ரோபோவை விட்டுவிட்டு மூளை ரத்தக்குழாய்ப் பக்கம் கவனம் செலுத்தப்போவதாக அறிவித்தது. இயந்திரத்தின் விலை, ஒவ்வொரு நோயாளிக்கும் தூக்கிப்போட வேண்டிய கேசட்டின் விலை, தயார் செய்யும் நேரம் எல்லாம் சேரும். அனுபவமுள்ள டாக்டர் கையால் அரை மணியில் முடிப்பதற்கு இவ்வளவு ஏன் என்று கணக்கு கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

பட வழிகாட்டுதல் அப்படி மறையவில்லை. அது ஆஞ்சியோ இயந்திரத்தோடேயே வருவதால் நாட்டில் பல லேப்களில் ஏற்கெனவே இருக்கிறது. சீமென்ஸின் ஆர்டிஸ் ஸீகோ இயந்திரத்தில் சி-ஆர்மைச் சுமப்பதே கார் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் கூகா நிறுவன வகை ரோபோக் கைதான். ‘ரோபோ’ என்ற பலகை இல்லாத லேபிலும் ரோபோ நிற்கலாம்.

சரி, அப்பாவுக்கு ஃபியூஷன் வச்சுப் பண்ணப்போறதா சொல்றாங்க. நாங்க என்ன கேட்கணும், என்ன கொண்டுவரணும்?

டாக்டரிடம் மூன்று கேட்கலாம். கிராஃப்டையோ ஸ்டென்டையோ விரிப்பதற்கு முன் சாயம் விட்டு மேப்பைச் சரிபார்ப்பீர்களா? ரோபோ என்றால், இதே ஆபரேஷனை அதில் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? கைக்கு மாற வேண்டி வந்தால் அதே குழுவே செய்யுமா? இதைக் கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சி.டி. எப்போது எடுத்தது என்பதையும் பாருங்கள். வீக்கம் வளரக்கூடியது, ஆறு மாதத்துக்கு முந்தைய படத்தை வைத்து அளவெடுப்பது நல்லதல்ல.

கொண்டுவரும்போது ஃபிலிமை மட்டும் கொண்டுவராதீர்கள். பெரிய உறையில் போட்டுக் கொடுக்கும் அந்தக் கறுப்பு ஃபிலிமை ஃபியூஷனுக்குப் பயன்படுத்தவே முடியாது. சென்டருக்குப் போய், ஒரு மில்லிமீட்டர் அளவில் எடுத்த மெல்லிய வெட்டுகள் எல்லாம் உள்ள முழுப் படத்தையும் குறுந்தட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். சில சென்டர்களில் ஐந்து மில்லிமீட்டர் வெட்டுகளை மட்டும் பதிந்து கொடுத்துவிடுவார்கள், மூலப்படத்தைச் சில வாரங்களில் அழித்தும் விடுவார்கள். அதனால் சி.டி. எடுத்த அன்றைக்கே கேளுங்கள். ஆபரேஷனுக்கு முந்தின நாளே லேபில் கொடுத்துவிட்டால், தட்டு திறக்கிறதா என்று நாங்கள் பார்த்துவிடுவோம்.